யூ இல்லாத க்யூ: ஸ்கிராபிள் பழகத் தொடங்குவோருக்கான சொல் வழிகாட்டி

எழுத்துக் காய்களைப் பலகையில் அடுக்கி ஆங்கிலச் சொற்களை அமைக்கும் ஸ்கிராபிளை ஆடத் தொடங்கியவர்களைத் தயங்க வைக்கும் காய் க்யூ. பையிலிருக்கும் நூறு காய்களில் அது ஒன்றே ஒன்றுதான். அதன் மதிப்பு பத்து. பள்ளியில் படித்த ஆங்கிலச் சொற்களில் க்யூவை அடுத்து யூ வந்தே தீரும் என்பதால், புதியவர்கள் க்யூவை வைத்துக்கொண்டு யூ வருமா என்று காத்திருக்கிறார்கள். யூ மொத்தம் நான்கு, எந்த எழுத்தாகவும் கொள்ளத்தக்க வெற்றுக்காய் இரண்டு. அவை எதிராளியிடம் போய்விட்டால் காத்திருந்தது வீண். ஆட்டம் முடியும்போது க்யூ கையில் தங்கிவிட்டால் நம் கணக்கில் பத்து கழியும். காய்களையெல்லாம் முடித்துவிட்ட எதிராளியின் கணக்கில் அதே பத்து கூடும். ஒரே காயால் இருபது மதிப்பெண் வேறுபாடு ஏற்படுகிறது.

இதற்கு மாற்று, க்யூவை அடுத்து யூ வராத சொற்களைக் கற்றுக்கொள்வதாகும். இச்சொற்களின் பட்டியலைப் பார்த்ததும் பலரும் இதெல்லாம் ஆங்கிலமா என்று மலைக்கிறார்கள். ஆனால், தமிழ் நாளிதழை நாள்தோறும் படிப்பவருக்கு இச்சொற்களில் கணிசமானவை முன்பே அறிமுகமானவை. பொருள் தெரியும், ஒலி தெரியும். ஆங்கில எழுத்துக்கூட்டல் மட்டுமே புதிது. ஆகவே அகர வரிசையில் உருப்போடாமல், சொல் பிறந்த மொழியையும் அதன் பொருளையும் கொண்டு குழுக்களாகப் பிரித்துப் படிப்பதே எளிது என்பது என் கருத்து.

படிக்குமுன் ஒரு குறிப்பு. ஆங்கில எழுத்துகளை இங்கே அவற்றின் பெயராலேயே எழுதியிருக்கிறேன். ‘டி’ என்று குறுகி வந்தால் அது டாக்டர் என்பதன் முதலெழுத்து. ‘டீ’ என்று நீண்டு வந்தால் டிக்கெட் என்பதன் முதலெழுத்து. ‘பி’ என்று வருமிடத்தில் பஸ் என்பதன் முதலெழுத்தைக் கொள்க. பேனாவுக்குரிய எழுத்து வரும் ஒரே இடத்தில் அதைத் தனியே சொல்லியிருக்கிறேன்.

முதற்படி: விதிவிலக்கின் காரணத்தை அறிதல்

க்யூ என்ற எழுத்து ஃபினீசியரிடமிருந்து கிரேக்கத்துக்கும், அங்கிருந்து இலத்தீனுக்கும் வந்தது. அதனுடன் யூவைச் சேர்த்து எழுதும் பழக்கம் இலத்தீனுக்கு உரியது. பழைய ஆங்கிலத்தில் அந்தப் பழக்கம் இல்லை. அரசியைக் குறிக்கும் சொல்லை அக்காலத்தவர் சி என்ற எழுத்துடன் டபிள்யூவின் ஒலிக்குரிய எழுத்தைச் சேர்த்து எழுதினர். 1066-இல் நார்மானியர் இங்கிலாந்தைக் கைப்பற்றிய பின், அவர்களுடைய எழுத்தர்கள் பிரெஞ்சு வழக்கப்படி அத்தகைய சொற்களை க்யூ, யூ என்று மாற்றி எழுதத் தொடங்கினர். ஆக, யூ கட்டாயம் என்பது இலத்தீன், பிரெஞ்சு வழியாக வந்த எழுத்து மரபு மட்டுமே.

அந்த மரபுக்கு வெளியிலிருந்து வந்த சொற்களில்தான் யூ இல்லாமல் க்யூ நிற்கிறது. அரபியில் தொண்டையின் ஆழத்தில் எழும் ஒரு ககர ஒலியைக் குறிக்க க்யூவைப் பயன்படுத்துகிறார்கள், எபிரேயத்திலும் அப்படியே. சீனத்தில் 1958-இல் ஏற்கப்பட்ட உரோமன் எழுத்துமுறையில் சகரத்தை ஒத்த ஒலிக்கு க்யூ வைக்கப்பட்டது. எஸ்கிமோவர் என்று முன்னர் அழைக்கப்பட்ட இனூயிட் மக்களின் மொழியிலும், அல்பேனிய மொழியிலும், தென்னாப்பிரிக்காவின் சூலு மொழியிலும் அந்தந்த மொழிக்கே உரிய ஒலிகளுக்கு இதே எழுத்து பயன்படுகிறது. புதிய சொல் ஒன்றைக் காணும்போது அது எம்மொழியிலிருந்து வந்தது என்று கேட்டுக்கொண்டால், அதன் எழுத்துக்கூட்டல் நினைவில் தங்கும்.

இரண்டாம் படி: ஈரெழுத்துச் சொல்

முதலில் கற்க வேண்டியது க்யூ, ஐ என்னும் ஈரெழுத்துச் சொல். ‘சீ’ என்று ஒலிக்கும் இது, சீன மருத்துவமும் தற்காப்புக் கலைகளும் பேசும் உயிராற்றலைக் குறிக்கிறது. க்யூவைக் கொண்ட ஈரெழுத்துச் சொல் இது ஒன்றே. இதே சொல்லை சி, எச், ஐ என்றும் கே, ஐ என்றும் எழுதலாம், அவையும் ஏற்கப்பட்டவை. பின்னால் எஸ் சேர்த்துப் பன்மையாக்கலாம். வட அமெரிக்கப் போட்டிகளுக்கான சொற்பட்டியலில் 2006-இல்தான் இது சேர்ந்தது. அதன் பிறகு க்யூவைப் பற்றிய அச்சம் பாதியாகிவிட்டது என்று சொல்லலாம்.

இந்தச் சிறு சொல்லின் வலிமை பலகையில் வைக்கும் இடத்தைப் பொறுத்தது. எழுத்தின் மதிப்பை மும்மடங்காக்கும் கட்டத்தில் க்யூவை வைத்து, அதன் வலப்புறத்தில் ஓர் ஐயும் கீழ்ப்புறத்தில் ஓர் ஐயும் அமையுமாறு செய்தால், குறுக்கே ஒரு சொல்லும் நெடுக்கே ஒரு சொல்லும் கிடைக்கும். ஒவ்வொன்றும் 31, மொத்தம் 62. கையில் க்யூவும் ஓர் ஐயும் இருக்க, பலகையில் மற்றோர் ஐ தக்க இடத்தில் இருந்தால் போதும். எனவே க்யூ கைக்கு வந்தவுடன் யூவைத் தேடுவதைவிட ஐயைச் செலவிடாமல் வைத்துக்கொள்வதும், பலகையில் தனித்து நிற்கும் ஐக்கு அருகே மும்மடங்குக் கட்டம் உண்டா என்று பார்ப்பதும் பயன் தரும்.

மூன்றாம் படி: தெரிந்த சொற்களை அடையாளம் காணுதல்

இதுவே பட்டியலின் பெரும்பகுதி. இங்கே நிதானமாக நேரம் செலவிட வேண்டும். அரபி வழியாக வந்த இச்சொற்கள் தமிழ் முஸ்லிம்களின் அன்றாட வழக்கில் இருப்பவை. மற்றவர்களுக்குச் செய்திகள் வழியே பழகியவை.

வக்ஃபு வாரியம் என்பதில் உள்ள வக்ஃபு, டபிள்யூ, ஏ, க்யூ, எஃப் என்று எழுதப்படும். அறப்பணிக்காக நிலையாக ஒதுக்கப்பட்ட சொத்து என்று பொருள். நான்கே எழுத்துகள், மதிப்போ 19. இஸ்லாமியச் சட்டவியலைக் குறிக்கும் ஃபிக்ஹு என்ற சொல்லும் நான்கெழுத்து: எஃப், ஐ, க்யூ, எச். அதன் மதிப்பும் 19தான். க்யூ சொல்லின் நடுவிலும் வரக்கூடும் என்பதை இவை கற்றுத் தருகின்றன. புதியவர்கள் க்யூவை முதலெழுத்தாக மட்டுமே கற்பனை செய்வதால் பல வாய்ப்புகளைத் தவற விடுகிறார்கள்.

இறுதியில் க்யூ வருவதற்கு நன்கு தெரிந்த எடுத்துக்காட்டு, மணவிலக்கைக் குறிக்கும் தலாக். முத்தலாக் குறித்து உச்ச நீதிமன்றம் 2017-இல் வழங்கிய தீர்ப்பின்போது இச்சொல் தமிழ்ப் பத்திரிகைகளில் இடம்பெறாத நாளே இல்லை எனலாம். டீ, ஏ, எல், ஏ, க்யூ என்பது எழுத்துக்கூட்டல். சந்தையைக் குறிக்கும் சூக் என்ற சொல்லை எஸ், யூ, க்யூ என்று மூன்றே எழுத்தில் எழுதலாம். இதில் யூ இருக்கிறது, ஆனால் க்யூவுக்கு முன்னால் இருக்கிறது. வளைகுடா நாடுகளில் வேலை பார்த்துத் திரும்பியவர்களுக்கு இச்சொல்லை விளக்க வேண்டியதில்லை.

உடை தொடர்பானவை இரண்டு. முகத்தை மறைக்கும் துணி நிகாப்: என், ஐ, க்யூ, ஏ, பி. உடல் முழுவதையும் மறைக்கும் அங்கி புர்கா: பி, யூ, ஆர், க்யூ, ஏ. இவ்விரண்டுக்கும் பொருளில் உள்ள வேறுபாட்டைத் தெரிந்துகொள்வது ஆட்டத்துக்குத் தேவையில்லை என்றாலும், செய்தி படிக்கையில் தேவைப்படும். தொழுகையின்போது நோக்க வேண்டிய திசையான கிப்லா, க்யூ, ஐ, பி, எல், ஏ என்று எழுதப்படும். ஃபக்கீர் என்பது எஃப், ஏ, க்யூ, ஐ, ஆர். தமிழில் பக்கிரி என்றும், பெயர்களில் பக்கீர் என்றும் வழங்குவது இச்சொல்லே. இதை க்யூவுக்குப் பதில் கே இட்டு எழுதுவதும் ஏற்புடையது. கையில் எந்தக் காய் இருக்கிறதோ அதற்கேற்ப ஆடலாம்.

ஒரே நான்கு எழுத்துகளில் பிறக்கும் இரு சொற்களைச் சேர்த்தே படிக்க வேண்டும். க்யூ, ஏ, டி, ஐ என்ற வரிசை நீதிபதியைக் குறிக்கிறது. பிறை தென்பட்டதைத் தமிழ்நாட்டில் அறிவிக்கும் தலைமைக் காஜி என்ற பதவிப் பெயரில் இருப்பது இந்தச் சொல். க்யூ, ஏ, ஐ, டி என்ற வரிசை தலைவரைக் குறிக்கிறது. காயிதே மில்லத் என்ற பட்டத்தில் உள்ள காயித் இதுவே. இறுதி இரண்டு எழுத்துகள் இடம் மாறினால் நீதிபதி தலைவராகிவிடுகிறார். ஆட்டத்தில் இந்த இட மாற்றம் மிகவும் உதவும். நீதிபதியில் ஐ இறுதியில் நிற்கிறது. தலைவரில் டி இறுதியில் நிற்கிறது. பலகையில் ஏற்கெனவே இருக்கும் எழுத்து எதுவோ, அதற்குப் பொருந்துவதைத் தேர்ந்தெடுக்கலாம்.

அவ்வளவாக அறிமுகம் இல்லாதவையும் இக்குழுவில் உண்டு. யேமனிலும் எத்தியோப்பியாவிலும் சோமாலியாவிலும் கிளர்ச்சிக்காக மெல்லப்படும் இலை, க்யூ, ஏ, டீ. இதைத் தொடக்கத்தில் கே வைத்தும், கே, எச் வைத்தும் எழுதுவார்கள். க்யூ, ஏ, என், ஏ, டீ என்பது, மலையடிவார நீரை ஊருக்குக் கொண்டுசெல்ல ஈரானியர் நிலத்தடியில் வெட்டிய நீர்வழி. பாரசீகத்தின் இந்நீர்வழிகள் 2016-இல் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னங்களில் சேர்க்கப்பட்டன. நம் அருகிலேயே, கர்நாடகத்தின் பீதரில், பாமினி சுல்தான்கள் காலத்தில் அமைந்த இத்தகைய நீர்வழி இருக்கிறது.

சூஃபி பக்தி இசையான கவ்வாலி ஏழெழுத்துச் சொல்: க்யூ, ஏ, டபிள்யூ, டபிள்யூ, ஏ, எல், ஐ. ஏழு காய்களையும் ஒரே முறையில் வைத்தால் கிடைக்கும் 50 கூடுதல் மதிப்பெண்ணுக்காக இதைக் கனவு காண்போர் உண்டு. பையில் டபிள்யூவே இரண்டுதான் இருக்கிறது, கனவாகவே இருக்கட்டும்.

நான்காம் படி: தமிழ்க் காது ஏமாற்றும் இடங்கள்

தமிழில் ஒரே ககரத்தால் எழுதும் ஒலிகள் அரபியில் வெவ்வேறு எழுத்துகள். ஆகவே, அரபியிலிருந்து வந்த சொல்லில் ககரம் கேட்டால் க்யூ போட்டுவிடலாம் என்று எண்ணக் கூடாது. நம்பிக்கையற்றவரைக் குறிக்கும் காஃபிர் என்ற சொல்லில் வருவது சாதாரண ககரம். அதை கே கொண்டுதான் எழுத வேண்டும். ஐயம் இருந்தால், அந்தச் சொல்லை அரபி படித்த ஒருவரிடம் உச்சரிக்கச் சொல்லிக் கேட்பது பயனுள்ள வழி. தொண்டையின் அடியிலிருந்து ஒலி வந்தால் க்யூ.

நாட்டின் பெயரும் ஊரின் பெயரும் செல்லா என்பதையும் இங்கேயே சொல்ல வேண்டும். ஈராக், கத்தார் இரண்டிலும் க்யூ உண்டு, யூ இல்லை. ஆனால் பெரிய எழுத்தில் தொடங்கும் பெயர்ச்சொற்கள் ஸ்கிராபிளில் ஏற்கப்படுவதில்லை. கத்தாரின் முதல் மூன்று எழுத்துகள் தனியே செல்லுபடியாகும்; ஆனால், மேலே சொன்ன இலை என்ற பொருளில்தான்.

ஐந்தாம் படி: பிற மொழிக் குழுக்கள்

எபிரேயக் குழுவை விவிலியம் படித்தவர்கள் எளிதில் பிடித்துக்கொள்வார்கள். ஆபிரகாம் தன் மனைவியை அடக்கம் செய்ய நானூறு சேக்கல் வெள்ளி கொடுத்து நிலம் வாங்கினார் என்று ஆதியாகமம் சொல்கிறதே, அந்தச் சேக்கலை எஸ், எச், இ, க்யூ, இ, எல் என்று எழுதலாம். இன்று இஸ்ரேலின் நாணயமும் அதுவே. எஸ் சேர்த்தும் பன்மையாக்கலாம். எபிரேய முறைப்படி எஸ், எச், இ, க்யூ, ஏ, எல், ஐ, எம் என்றும் எழுதலாம். எபிரேய நெடுங்கணக்கின் பத்தொன்பதாம் எழுத்தான கோஃப், க்யூ, ஓ, பேனாவுக்குரிய பி, எச் என்று நான்கெழுத்தில் அமையும். ஆங்கில க்யூவின் மூதாதையான ஃபினீசிய எழுத்தும் இந்தக் கோஃபும் ஒன்றே.

சீனக் குழுவில் உயிராற்றலுக்கு அடுத்தபடியாகத் தெரிந்துகொள்ள வேண்டியது க்யூ, ஐ, என். ஏழு நரம்புகள் கொண்ட பழஞ்சீன இசைக்கருவி அது. இந்தியப் போட்டிகளில் பின்பற்றப்படும் காலின்ஸ் சொற்பட்டியலில் இருக்கிறது. மூச்சுப் பயிற்சியைக் குறிக்கும் க்யூ, ஐ, ஜி, ஓ, என், ஜி என்ற ஆறெழுத்துச் சொல்லும் அதே பட்டியலில் உண்டு.

மற்றவற்றை விரைவாகப் பார்த்துவிடலாம். யூ, எம், ஐ, ஏ, க்யூ என்பது தோலால் போர்த்த இனூயிட் படகு. இதன் இறுதியில் கே வைத்து எழுதுவதும் சரியே. க்யூ, ஐ, வி, ஐ, யூ, டீ என்பது ஆர்க்டிக் பகுதியில் வாழும் கத்தூரி எருதின் மென்மயிர். அல்பேனியாவின் லெக் என்ற நாணயத்தின் நூற்றில் ஒரு பங்கு க்யூ, ஐ, என், டீ, ஏ, ஆர். டீ இருக்கும் இடத்தில் டியும் வரலாம். எம், பி, ஏ, க்யூ, ஏ, என், ஜி, ஏ என்பது தென்னாப்பிரிக்க நடன இசை. எட்டெழுத்து என்பதால் பலகையில் இருக்கும் ஓர் எழுத்தையும் சேர்த்துத்தான் வைக்க முடியும்.

ஆங்கிலத்திலேயே உருவான சொற்களாக இரண்டைச் சொல்லலாம். ஒன்று, தட்டச்சுப் பலகையின் மேல்வரிசையில் இடமிருந்து வரும் ஆறு எழுத்துகளே சொல்லாகிப்போன க்யூ, டபிள்யூ, இ, ஆர், டீ, ஒய். கணினியின் முன் அமர்ந்தால் அதைப் பார்த்தே எழுதிவிடலாம். மற்றொன்று, அமைதியூட்டும் மருந்தைக் குறிக்கும் நீண்ட சொல்லைச் சுருக்கியதால் வந்த டீ, ஆர், ஏ, என், க்யூ. முழுச்சொல்லில் க்யூவை அடுத்து இருந்த யூ, சுருக்கும்போது வெட்டுப்பட்டுப் போனது. டீ, ஆர், ஏ, என் ஆகியவை கையில் அடிக்கடி சேரும் காய்கள் என்பதால், ஐந்தெழுத்துச் சொற்களில் நான் முதலிடம் தருவது இதற்கே.

ஆறாம் படி: கலைத்துப் பார்த்துப் பழகுதல்

சொல்லைப் பார்த்துப் பொருள் சொல்வது படிப்புக்கு உதவும். ஆட்டத்தில் நிலைமை வேறு. அங்கே சிதறிய காய்களிலிருந்து சொல்லைக் கண்டெடுக்க வேண்டும். அதற்கான பயிற்சி, சொல்லின் எழுத்துகளை ஆங்கில அகர வரிசையில் அடுக்கி ஓர் அட்டையின் முன்புறம் எழுதுவதும், சொல்லையும் பொருளையும் பின்புறம் எழுதுவதும் ஆகும். ஏ, பி, ஐ, என், க்யூ என்று முன்புறம் இருந்தால் முகத்திரை நினைவுக்கு வர வேண்டும். அதில் என் இருக்குமிடத்தில் எல் வந்து ஏ, பி, ஐ, எல், க்யூ என்றானால் தொழுகைத் திசை. ஏ, எஃப், ஐ, க்யூ, ஆர் என்றால் ஃபக்கீர். ஏ, ஏ, என், க்யூ, டீ என்றால் ஈரானிய நீர்வழி. என் போய் எல் வந்தால் மணவிலக்கு. இப்படி ஓரெழுத்தில் வேறுபடும் அட்டைகளை அடுத்தடுத்து வைத்துப் படித்தால் குழப்பம் முன்கூட்டியே தீர்ந்துவிடும்.

பொருள் தெரியாமலே ஆட முடியாதா என்று கேட்கலாம். முடியும். நியூசிலாந்துக்காரரான நைஜல் ரிச்சர்ட்ஸ், பிரெஞ்சு பேசத் தெரியாமலே அம்மொழிச் சொற்பட்டியலை மனப்பாடம் செய்து, 2015-இல் பிரெஞ்சு ஸ்கிராபிள் உலகப் பட்டத்தை வென்றார். அவரைப் பின்பற்றப் பரிந்துரைக்க எனக்குத் துணிவில்லை. நம்மைப் போன்றவர்களுக்குப் பொருள்தான் பிடிமானம். அதைவிட முக்கியமாக, ஒரு சொல் பெயரா வினையா என்று தெரிந்தால்தான் எஸ் சேர்க்கலாமா கூடாதா என்பதை ஓரளவேனும் ஊகிக்க முடியும். மேலே சொன்னவை அனைத்தும் பெயர்ச்சொற்கள் என்பது இங்கே வசதியாகிறது.

ஏழாம் படி: ஜே, எக்ஸ், இசட்

க்யூ பழகிய பின் இதே முறையில் மற்ற மூன்று அரிய எழுத்துகளைக் கற்கலாம். இவை ஒவ்வொன்றும் பையில் ஒன்றே. இசட்டுக்குப் பத்து, ஜேக்கும் எக்ஸுக்கும் எட்டெட்டு. ஜே, ஓ என்பது ஸ்காட்லாந்து வழக்கில் காதலரைக் குறிக்கும் சொல். எக்ஸைக் கொண்ட ஈரெழுத்துச் சொற்களில் எருதும் கோடரியும் எல்லோருக்கும் தெரிந்தவை; எக்ஸ், ஐ என்பது கிரேக்க எழுத்தொன்றின் பெயர், எக்ஸ், யூ என்பது வியட்நாமில் முன்பு வழங்கிய சிறு நாணயம். இசட், ஏ என்பது அமெரிக்க இளைஞர்கள் பீட்சாவைச் சுருக்கிச் சொல்வது. இசட், ஓ என்பது கவரிமாவுக்கும் பசுவினத்துக்கும் பிறக்கும் கலப்பின விலங்கு; இமயமலைப் பகுதிகளில் உழவுக்கும் சுமைக்கும் பயன்படுகிறது. இசட், ஏ, எக்ஸ் என்று இரண்டு அரிய எழுத்துகள் ஒன்றாக வரும் சொல்லும் உண்டு; கூரைக்கான பலகைக் கற்களை வெட்டும் கருவி அது, மூன்றே எழுத்தில் 19 மதிப்பெண்.

இறுதியாக: எந்தப் பட்டியல், எப்போது மாற்றுவது

ஆட்டம் தொடங்குமுன் எந்தச் சொற்பட்டியலின்படி ஆடுகிறோம் என்று எதிராளியுடன் பேசி முடிவு செய்துகொள்ள வேண்டும். அமெரிக்காவிலும் கனடாவிலும் ஒரு பட்டியல். இந்தியா, இலங்கை உட்பட உலகின் பெரும்பாலான இடங்களில் நடக்கும் போட்டிகளில் காலின்ஸ் பட்டியல். காலின்ஸ் பட்டியல் பெரியது. இங்கே சொன்ன சொற்கள் சில அமெரிக்கப் பட்டியலில் இல்லாதிருக்கலாம். கைப்பேசியில் ஆடுபவர்கள் செயலியின் அமைப்புகளில் எந்தப் பட்டியல் தெரிவாகியிருக்கிறது என்று பார்த்துக்கொள்வது நல்லது. வீட்டில் ஆடும்போது கையில் இருக்கும் அகராதியே தீர்ப்புச் சொல்லும் என்று வைத்துக்கொள்ளலாம்.

இவ்வளவும் கற்ற பிறகும் க்யூவுக்கு இடம் கிடைக்காத ஆட்டங்கள் வரும். கையில் ஐயும் இல்லை, யூவும் இல்லை, பலகையிலும் திறந்த ஐ இல்லை என்றால், ஒரு முறையை விட்டுக்கொடுத்து க்யூவைப் பையில் போட்டு மாற்றிக்கொள்வதே மேல். பையில் ஏழு காய்களாவது எஞ்சியிருக்கும்போதுதான் மாற்ற முடியும் என்பது பொதுவான விதி. ஆகவே அந்த முடிவைக் கடைசி வரை தள்ளிப்போடாமல், பையில் இருபது காய்கள் இருக்கும்போதே எடுத்துவிட வேண்டும்.